மூன்று தட்டும் புஷ்பக்காவின் பதிலும்

என் நிரோ அக்காவுக்கு,

எங்கே இருந்தாலும் காதையும் கழுத்தையும் மூடிக்கொண்டு இரு. நம் ஊர் நோட்டன் பிரிட்ஜில் பனி இன்னும் விடவில்லை. உன் கம்பளிச் சால்வையை அம்மா யாருக்கும் கொடுக்கவில்லை, தானும் போர்த்துவதில்லை. மடித்தபடியே கட்டில் ஓரத்தில் இருக்கிறது.

முதலில் நல்ல செய்தி. நீ நடித்த படம் திரைக்கு வந்துவிட்டது. திரை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ளாதே, ஹட்டனில் எங்கள் டிப்ளோமா வகுப்பறையின் வெள்ளைச் சுவர்தான். முப்பது பேர் பார்த்தார்கள். சுவர் முழுக்க உன் முகம், மூக்குத்தி மட்டும் ஒரு தேங்காய் அளவுக்கு. "கொஞ்சம் பவுடராவது பூசி விட்டிருக்கலாமேடி" என்று நீ என்னைக் கிள்ளியிருப்பாய்.

இந்தக் கடிதத்தை எங்கள் வகுப்புச் சஞ்சிகையில் போடப்போகிறார்கள். பரவாயில்லை. நான் உனக்குத்தான் எழுதுகிறேன், மற்றவர்கள் ஓரமாக நின்று கேட்டுக்கொள்ளட்டும். லயத்தில் பிறந்த நமக்கு அடுத்தவர் காதுக்குப் பயந்து பேசவா தெரியும்?

எங்கள் வகுப்பு வேலை என்னவென்று உனக்கு எத்தனை தடவை விளக்கினேன் என்று ஞாபகம் இருக்கிறதா? ஓர் உளவியல் திகில் படம் எடுக்க வேண்டும், முழுப்படம் இல்லை, அதன் முதல் இரண்டு நிமிடம் மட்டும். பிறகு நாமே அதை மதிப்பிட்டு எழுத வேண்டும். "ரெண்டு நிமிஷத்துல முடியிற படத்துக்கு யாருடி டிக்கெட் எடுப்பா?" என்று கேட்டாய். கொழும்புத் துணிக்கடையில் வேலை பார்ப்பவளுக்கு எல்லாவற்றிலும் வாடிக்கையாளர் ஞாபகம்தான்.

கதையை நீதானே சொன்னாய். அறிக்கையில் "கதை: தர்ஷினி" என்று என் பெயரைப் போட்டது முதல் திருட்டு. மாற்றிவிட்டேன், கோபிக்காதே. ஒரு பெண் லயத்தில் தனியாக இருக்கிறாள். பக்கத்துக் காம்பிராச் சுவரில் மூன்று தட்டு மெல்லக் கேட்கிறது. "என்னாக்கா?" என்கிறாள், பதில் இல்லை. வெளியே போய்ப் பார்த்தால் அந்தக் காம்பிரா பூட்டிக் கிடக்கிறது. திரும்பி வந்து அவள் சுவரைத் தட்டுகிறாள். மூன்று தட்டு. காதைச் சுவரில் வைத்துக் காத்திருக்கிறாள். அவ்வளவுதான், படத்தின் பெயர் விழுகிறது.

வெளியூர்க்காரர்கள் படித்தால் புரிவதற்காக ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். லயம் என்றால் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடு, காம்பிரா என்றால் அதில் ஓர் அறை. ஒரு காம்பிராவுக்கும் அடுத்த காம்பிராவுக்கும் நடுச்சுவர் ஒன்றே, அதுவும் கூரைவரை போகாது. மேலே தகரம் எல்லோருக்கும் பொது. அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் "பனங்கற்கண்டு போட்டுக் குடி" என்பார்கள். ஒரு தட்டு என்றால் தேத்தண்ணி வைத்தாச்சு, வா. இரண்டு தட்டு என்றால் சத்தத்தைக் குறை. மூன்று தட்டு என்றால் ஓடி வா.

நம் வீட்டு மூன்று தட்டு எதற்கென்று லயத்தில் எல்லோருக்கும் தெரியும். அம்மா விடிந்ததும் பெரட்டுக் களத்துக்கு, அன்றைய தோட்ட வேலைக்குப் பெயர் கொடுக்கப் போய்விடுவாள். அப்போது எனக்கு ஆறு வயது, உனக்கு ஒன்பது. உனக்கு இழுப்பு வந்தால் வாயால் கூப்பிட மூச்சு இருக்காது, கை மட்டும் சுவருக்குப் போகும். தட்டி முடிக்கும் முன்பே பக்கத்துக் காம்பிராப் புஷ்பக்காவின் குரல் தகரத்தில் பட்டு இறங்கும். "வாறேன் புள்ள, இரு!" வெந்நீரோடு வருவாள், உன்னை மடியில் சாய்த்து முதுகைத் தடவுவாள். பாதி மூச்சு அந்தக் குரலைக் கேட்டவுடனேயே திரும்பிவிடும் என்று நீ சொல்வாய்.

இத்தனையும் தெரிந்துகொண்டே அதே சுவரில், அதே மூன்று தட்டில் படம் எடுக்கப் போனோமே, நம்மைப் போல மடைச்சிகள் இந்த மலைநாட்டில் உண்டா?

தீபாவளிக்கு மறுநாள். லயம் முழுக்க ஆட்கள். வருடம் பூராவும் மழை கொட்டும் ஊரில் அன்றைக்கென்று வெயில் காய்ந்தது. ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு இருட்டாக்கினோம். என் வகுப்பிலிருந்து வந்த இரண்டு பேர், ஒருவர் போனைப் பிடித்துக் காட்சி எடுக்க, ஒருவர் ஒலி பிடிக்க. புஷ்பக்காவின் கதவில் நம் பூட்டைப் போட்டோம், அவளை உள்ளே வைத்தே. அவள் ராஜாத்தி, மறுப்பே சொல்லவில்லை. "ஒரு மணித்தியாலந்தானே, நான் படுத்து ஒரு தூக்கம் போடுறேன். நீங்க நல்லா எடுங்க" என்றாள்.

"தட்டுற சத்தம் கேட்டா பேசக் கூடாதுக்கா. அந்த வீட்ல ஆளே இல்லைன்னு கதை" என்று நான் மூன்று தடவை சொன்னேன்.

"நான் என்னா சின்னப் புள்ளயா? வெளங்குது."

முதல் தடவை நீ தட்டினாய். "என்னா புள்ள?" என்றது சுவர். நீ சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரித்தாய். "ஐயோ, வாய் தன்னால வந்திருச்சி" என்று அந்தப் பக்கம் புலம்பல். இரண்டாம் தடவை குரல் வரவில்லை, வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள் போல, அடக்கி அடக்கி ஒரு பெரிய இருமல் வந்தது. மூன்றாம் தடவைக்கு வெகுநேரம் விட்டுத்தான் ஆரம்பித்தோம். அதற்குள் அவள் உண்மையாகவே தூங்கிவிட்டாள். நான் உன்னிடம், "பயந்து போய்த் தட்டுக்கா, பலமா" என்றேன்.

நீ பலமாகத் தட்டினாய். தூக்கத்தில் இருந்தவளுக்கு வருடங்கள் குழம்பிவிட்டன. "வாறேன் புள்ள, இரு!" என்று கத்திக்கொண்டு எழுந்து ஓடி, கதவை இழுத்தால் பூட்டு. "கதவத் தொறங்கடி! புள்ளைக்கு இழுப்பு வந்திருச்சி! யாராச்சும் வாங்களேன்!"

பிறகு நடந்தது உனக்கே தெரியும். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு ஒருவர், தைலப் புட்டியோடு ஒருவர், கொதிக்கும் கேத்தலோடு ஒருவர், கீழே பணிய லயத்திலிருந்து கூடச் சனம். சாவியோ என் சட்டைப்பையில். நான் பதற்றத்தில் எல்லாப் பையையும் தேடுகிறேன், அதைத் தவிர. கடைசியில் புஷ்பக்கா வெளியே வந்து, நீ கல் போல நிற்பதைப் பார்த்துவிட்டு, என் காதைப் பிடித்துத் திருகினாள். அன்றைக்கு நீ வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் உண்மையாகவே இழுப்பு வந்துவிடுமோ என்று பயந்தேன்.

ஆனால் படத்துக்கு அந்த மூன்றாவது தடவைதான் வாய்த்தது. உன் முகம் அப்படி அமைந்திருந்தது.

இங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். ஒலியைச் சுத்தம் செய்ய உட்கார்ந்து, பக்கத்து வீட்டு ரேடியோவை எடுத்தேன், கோழியை எடுத்தேன், யாரோ அம்மி அரைத்ததை எடுத்தேன். கடைசியில் நீ தட்டியவுடன் வந்த "வாறேன் புள்ள, இரு" என்பதையும் அதைத் தொடர்ந்த கூச்சலையும் வெட்டி எடுத்தேன். அந்த இடத்தில் வெறும் காற்றை ஒட்டினேன். ஒன்பது வினாடி. நீ காத்திருக்கிறாய், ஒன்றும் கேட்கவில்லை.

உனக்கு அனுப்பினேன். நீ போன் எடுத்து, "ஏன்டி, புஷ்பக்காவ எங்க?" என்றாய்.

"வெட்டிட்டேன். பயம் வரணும்ல."

"நல்லால்லடி. இது நம்ம லயம் மாதிரியே இல்ல. கொழும்புல நான் வாடகைக்கு இருக்கிற போடிங் ரூம் மாதிரி இருக்கு."

"அப்போ சரியாத்தான் வந்திருக்கு" என்று நான் பெருமையாகச் சொன்னேன். படம் பற்றி நாம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். உன் போடிங் ரூம் எப்படி இருக்கும் என்று ஒரு வார்த்தை கேட்டேனா? கேட்கவில்லை.

அக்கா, அடுத்ததை எழுத எனக்குக் கை வரவில்லை. நீ அறிந்ததுதான், ஆனால் நான் அறிந்தேன் என்று உனக்குத் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

உன்னைக் கொண்டுவந்து படுக்க வைத்த மறுநாள், போடிங்கில் உன் பக்கத்து அறையில் இருந்த சிங்களப் பிள்ளை வந்தாள். துக்கத்துக்கு வெள்ளைச் சட்டை போட்டு, மூன்று பஸ் மாறி, மலை ஏறி வந்தாள். தமிழ் தெரியாது. அம்மா முன்னால் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டே சிங்களத்தில் சொன்னாள். நான் அம்மாவுக்கு மொழிபெயர்க்க வேண்டும். நீ போன அன்று மாலை அவள் டிவியில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தாளாம். நீ சுவரைத் தட்டினாயாம். டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்கிறாய் என்று நினைத்துக் குறைத்தாளாம். மறுபடி தட்டினாயாம். கோபமாக இருக்கிறாய் போல என்று டிவியை நிறுத்தியே விட்டாளாம். அதன் பிறகு தட்டவில்லையாம். காலையில் உன் மூச்சு மருந்து பம்ப் காலியாகக் கிடந்ததாம்.

"என்னா சொல்லுது அந்தப் புள்ள?" என்று அம்மா கேட்டாள்.

"அக்கா ரொம்ப நல்ல புள்ளன்னு சொல்லுது" என்றேன்.

அந்தப் பிள்ளை மேல் எனக்கு ஒரு சொட்டுக் கோபமும் இல்லை. அவள் என்ன செய்வாள்? அவள் ஊரில் சுவருக்கு அந்த அர்த்தம் இல்லை. மரியாதைக்குத்தான் டிவியை நிறுத்தினாள். ஆனால் நீ சுவரில் காதை வைத்திருப்பாய் இல்லையா? சத்தம் குறைந்தபோது வருகிறாள் என்று நினைத்தாயா? அதன் பிறகு வந்த அந்த மௌனத்தை நான் மூன்று வாரம் முன்னாடியே வெட்டி ஒட்டி வைத்திருந்தேனே அக்கா. இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று மூளைக்குத் தெரிகிறது. படுத்தால் கண் மூடமாட்டேன் என்கிறது.

வகுப்பில் தவணை நீட்டித் தந்தார்கள். நான் படத்தை அப்படியே கொடுத்தேன், தொட்டுத் திருத்தத் தைரியம் இல்லை. வெள்ளைச் சுவரில் நீ தட்டினாய். ஒன்பது வினாடி வகுப்பே மூச்சு விடவில்லை. எங்கள் விரிவுரையாளர் மிஸ் விளக்கைப் போட்டுவிட்டு, "தர்ஷினி, அந்த மௌனந்தான் படமே. அதுல கை வைக்காதீங்க" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் வெளியே போய்க் குழாயடியில் நின்றேன். உன்னைத் தவிர யாரிடமும் சொல்ல முடியாத ஒன்றுக்கு எனக்குப் பாராட்டுக் கிடைத்திருந்தது.

இனி இறுதிப் பிரதியும் சுய மதிப்பீடும் கொடுக்க வேண்டும். மதிப்பீட்டில் ஒரு கேள்வி: "பார்வையாளரை அதிகம் பாதித்த உங்கள் முடிவு எது? அதை ஏன் எடுத்தீர்கள்?" மற்ற எல்லாக் கேள்விக்கும் பக்கம் பக்கமாக எழுதினேன். காட்சிக் கோணம், இருட்டு, கம்பளி எல்லாம் எழுதினேன். அந்த ஒரு கேள்விக்குக் கீழே வெள்ளையாகவே கிடந்தது.

இந்த நேரத்தில்தான் அம்மா கேட்க ஆரம்பித்தாள். "அக்கா நடிச்சத எனக்கு எப்போ காட்டப் போற?" நாளைக்கு என்றேன். கம்ப்யூட்டரில் சார்ஜ் இல்லை என்றேன். வகுப்பில் வாங்கி வைத்திருக்கிறார்கள் என்றேன். அம்மா கூடையை எடுத்துக்கொண்டு கொழுந்து எடுக்கப் போய்விடுவாள். ஒரே காம்பிராவில் இரண்டு பேர் இருக்கிறோம் அக்கா. அவள் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்கிறாள், நான் இந்தப் பக்கம். நடுவில் நீ படுத்த இடம். மகள் தட்டுகிறாள், யாரும் வரவில்லை என்கிற படத்தை அவளிடம் எப்படிக் காட்டுவேன்? அவளுக்குத் தெரியாமல் நான் ஒளித்து வைத்திருப்பதும் அதுதானே?

போன ஞாயிறு பகல். அம்மா தலைக்குக் குளித்துவிட்டு, நல்ல சேலை கட்டி, கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். கோயிலுக்குப் போகிறாளாக்கும் என்று நினைத்தேன்.

"போடு. இன்னைக்கு எனக்குச் சாக்குச் சொல்லாத."

போட்டேன். வேறு வழி இல்லை. நீ தலை சீவிக்கொண்டு வந்தாய். அம்மா சேலை முந்தானையால் திரையைத் துடைத்தாள். நீ வெளியே போனாய், பூட்டைப் பார்த்தாய், திரும்பி வந்தாய். நான் சத்தத்தைக் குறைக்கக் கை நீட்டினேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நீ தட்டினாய். மூன்று தட்டு.

மௌனம் ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு என்று நான் உள்ளே எண்ணிக்கொண்டிருந்தேன். அம்மாவின் விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கின.

"வாறேன் புள்ள, இரு!"

படத்திலிருந்து இல்லை அக்கா. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து. கம்ப்யூட்டரில் நீ தட்டியது தகரம் வழியாகப் புஷ்பக்காவுக்குக் கேட்டுவிட்டது. அவள் கதவைத் திறக்கும் சத்தம், முட்டிவலிக் காலை இழுத்து இழுத்து வரும் சத்தம், பிறகு நம் வாசலில் அவள். கையில் வெந்நீர்க் கேத்தல். உள்ளே எங்கள் இருவரையும் பார்த்தாள், திரையில் காதைச் சுவரில் வைத்தபடி நின்ற உன்னைப் பார்த்தாள். கேத்தலை வைத்துவிட்டு நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அம்மா அழுதாள். நீ போன நாளிலிருந்து நான் பார்க்கும்படி அழாதவள் அழுதாள். நான், "அம்மா, ஒன்னு சொல்லணும். அன்னைக்கு அந்தச் சிங்களப் புள்ள சொன்னத நான் ஒங்களுக்கு முழுசாச் சொல்லல" என்று தொடங்கினேன்.

"தெரியும்டி."

"என்னா தெரியும்?"

"அந்தப் புள்ள பேசயில கைய மடக்கித் தரையில தட்டிக் காட்டிச்சே. அதுக்கு என்னா பாஷை வேணும்? நீ சின்னப் புள்ள, எனக்கு வெளங்கினது ஒனக்குத் தெரிய வேணாம்னு நான் மேல கேக்கல."

பார்த்தாயா அக்கா? நான் அவளுக்கு ஒளித்தேன், அவள் எனக்கு ஒளித்தாள். ஒரே கூரைக்குக் கீழே, ஒன்றையே இரண்டு பேரும் தனித்தனியாக இத்தனை நாள் சுமந்திருக்கிறோம். அன்றைக்குப் புஷ்பக்கா கொண்டுவந்த வெந்நீரில் மூன்று பேரும் பால் இல்லாத பிளேன்டீ குடித்தோம். படத்தை அவர்கள் இன்னும் நான்கு தடவை போடச் சொன்னார்கள். நாலு தடவையும் நீ தட்டியதும் புஷ்பக்கா பதில் சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேதான், ஆனாலும் சொன்னாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உன் முகத்தில் இருந்தது பயம் இல்லை. வகுப்பே பயம் என்று நினைத்தது, மிஸ் நினைத்தார், எடுத்த நானும் நினைத்தேன். பதில் வரும் என்று தெரிந்துகொண்டு காத்திருக்கிற முகம் அது.

மறுநாள் பழைய பதிவைத் தேடி எடுத்தேன். வெட்டிய குரலை வெட்டிய இடத்திலேயே திரும்ப வைத்தேன். கோழியையும் ரேடியோவையும்கூட வைத்தேன். மிஸ் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். "இப்போ இது திகில் படமா, வேற என்னவுமா?"

"எனக்கும் தெரியல்ல மிஸ்."

"புள்ளி குறையும், தெரியுந்தானே?"

"தெரியும் மிஸ்." அந்தக் கேள்விக்கு நான் எழுதிய பதிலை அவரிடம் கொடுத்தேன். ஒரே வரி: "பார்வையாளரை அதிகம் பாதித்தது நான் ஒரு குரலை வெட்டியது. அது தப்பான முடிவு." மிஸ் அதைப் படித்தார். மடித்துக் கோப்பில் வைத்தார். எத்தனை புள்ளி வரும் என்று தெரியாது. குறைந்தால் உன் பெயரில் பாதியைப் போட்டுவிடுகிறேன், கதை உன்னுடையதுதானே?

அடுத்த மாதம் பயிற்சிக்காக நான் கொழும்புக்குப் போகிறேன். போடிங் பார்த்தாகிவிட்டது. நல்ல கொங்கிறீட் சுவர், கூரைவரை போகிறது. உள்ளே நின்றால் நம் மூச்சு மட்டும்தான் கேட்கும். பார்க்கப் போன அன்று அந்த அறை நடுவில் நின்றபோது எனக்கு உன் தனிமை எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய? கேட்க வேண்டிய காலத்தில் கேட்கவில்லை. அம்மா, "போகாத" என்று சொல்லவில்லை. "பம்ப் இல்லாட்டியும் வெந்நி கேத்தல் ஒன்னு கொண்டு போ" என்றாள். எனக்கு இழுப்பே இல்லை. ஆனாலும் கொண்டு போகிறேன்.

அக்கா, உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். போய்ச் சேரும் அன்று மாலையே, பெட்டியைப் பிரிக்கும் முன்னால், வலது பக்க அறைக்கும் இடது பக்க அறைக்கும் போவேன். எனக்குத் தெரிந்த ஓட்டைச் சிங்களத்தில் என் பெயரைச் சொல்வேன், கையை மடக்கித் தட்டிக் காட்டுவேன். நான் மூன்று தடவை தட்டினால் வாங்க, நீங்கள் தட்டினால் நான் வருவேன் என்று சொல்வேன். அவர்கள் என்னைப் பைத்தியம் என்று நினைத்தாலும் சொல்வேன். எந்தச் சுவரில் எந்தக் கை தட்டினாலும் டிவியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்க மாட்டேன். எழுந்து போவேன்.

நீயும் தட்டு. எங்கே இருந்தாலும், எப்போதாவது, ஒரு தடவை. நான் சொல்ல வேண்டியதைப் புஷ்பக்கா எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

வாறேன் புள்ள, இரு.

நீ படுத்த இடத்தை இன்னும் விட்டுவைத்துப் படுக்கும்
உன் தங்கச்சி தர்ஷி